வலை போர்த்திய வண்டி

எடைமேடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ தப்புச் செய்துவிட்டவர்கள் போலத்தான் வருவார்கள். வண்டியை மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்திவிட்டு, என் ஜன்னலுக்குக் கீழே வந்து தலையைச் சொறிவார்கள். லோடு கொஞ்சம் ஈரம் சார், மண் ஒட்டியிருக்கு சார், லேட்டாயிருச்சு சார், மன்னிச்சுக்கங்க சார். நான் அந்த ஆலையில் வெறும் எடை குமாஸ்தா. என்னிடம் மன்னிப்புக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் கேட்பார்கள்.

அவள் மட்டும் கேட்கமாட்டாள்.

ராமநாதபுரத்துக்கு மேற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில், மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கிற ஆலை அது. பேர் வேண்டாம். சீமைக்கருவேலந்தான் அதற்குச் சோறு. பருவம் முடிந்து பிடுங்கிய பருத்திமாரும் மிளகாய்மாரும் வரும். கடற்கரைத் தோப்புகளிலிருந்து தென்னை மட்டை, பாளை, பன்னாடை, பட்டுப்போன மரத்தின் துண்டுகள் வரும். இந்தத் தோப்புக் கழிவை வாரி ஏற்றிக்கொண்டு வருவதுதான் அவளுடைய தொழில். டிராக்டரை அவளே ஓட்டுவாள். சேலைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, டிராக்டர் முன்விளக்கில் தொங்கும் செபமாலை. பெரியபட்டினம் பக்கத்தில் ஒரு மீன்பிடிக் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். முதல் நாள் ஜன்னல் பக்கம் வந்தபோதே, "அண்ணே, மட்டைல மணல் இருக்கத்தான் செய்யும். கடக்கரையில வேற என்ன இருக்கும்" என்றாள். கேள்வியை நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.

அவள் வண்டி தூரத்தில் வரும்போதே தெரியும். மற்றவர்கள் லோடைக் கயிறு போட்டுக் கட்டுவார்கள். பாதி மட்டை வழியில் உருவி விழும். பின்னால் வருகிற பைக்குக்காரன் விழாமல் தப்பினால் அவன் செய்த புண்ணியம். இவள் லோடு மேல் ஒரு பெரிய பழைய மீன்வலையை விரித்துப் போர்த்திக்கொண்டு வருவாள். அவள் புருஷன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஓடிய வலை. அவர் கடலை விட்டுவிட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அந்த வலைக்கு மேல் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து வருவார். யார்டுக்குள் போனதும் ஒரே ஒரு முடிச்சைப் பிடித்து இழுப்பார், மொத்த வலையும் கழன்று ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். அவர் அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான், இடுக்கி மாட்டிய பொக்லைன் வந்து மட்டையை அள்ளும். வழியெல்லாம் கச்சான் காற்று எவ்வளவு அடித்தாலும் அந்த லோடிலிருந்து ஓர் ஓலை விழுந்து நான் பார்த்ததில்லை.

அவர் பேசுவதே அபூர்வம். கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒருநாள் நான்தான் கிண்டினேன்.

"வீட்லயாவது ஒரு நாள் சாரி கேப்பாங்களா?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கோயில்லயே கேக்கமாட்டாண்ணே. பாவசங்கீர்த்தனத்துக்குப் போவா. முழங்கால் போடுவா. செஞ்சதைச் சொல்லுவா. ஏன் செஞ்சேன்னும் சொல்லுவா. அப்பறம், நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீகன்னு சாமியாரையே கேப்பா."

"சாமியார் என்ன சொல்லுவார்?"

"பின்னால வரிசை நிக்கிதும்பாரு. செபத்தைச் சொல்லிட்டு எந்திரிம்மான்னு அனுப்பிருவாரு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை, வீட்டுச் சமாச்சாரம்.

ஏர்வாடிச் சாலையில் நடந்ததை நானே பார்த்தேன். தர்காவுக்குப் போகிற கூட்டம். பஸ்ஸும் வேனும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. நான் என் மொபெட்டில் அவள் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தேன். கொடி கட்டிய வெள்ளைக் கார் ஒன்று இடம் இல்லாத இடத்தில் அவளை முந்தப் பார்த்து, ஒரு மட்டையின் நுனியில் தன் பக்கவாட்டை உரசிக்கொண்டது. கோடு விழுந்துவிட்டது. காரிலிருந்து இறங்கியவருக்கு முகம் சிவந்துவிட்டது. கூடவே நாலு பேர் இறங்கினார்கள். மன்னிப்புக் கேள் என்றார்கள். அவள் என்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் என் ஓரத்துல போனேன். நீங்கதான் வந்து உரசுனீக."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேம்மா" என்றது கூட்டம். கூட்டம் எப்போதும் அப்படித்தான், எவனுக்குக் கோபம் அதிகமோ அவன் பக்கம் நின்றுகொண்டு மற்றவனுக்குப் புத்தி சொல்லும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். சொல்லித் தொலைத்தால் என்ன, வழியாவது கிடைக்குமே என்றுதான் எனக்கும் இருந்தது.

"ஓலைதான உரசுச்சு. ஓலைகிட்டக் கேளுங்க, சொன்னாச் சொல்லட்டும்" என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொடிக்காரருக்குப் போக வேண்டிய இடம் இருந்தது போல. கடைசியில் அவர்தான் காரில் ஏறினார்.

இதையெல்லாம் வைத்து அவளைத் திமிர் பிடித்தவள் என்று முடிவுகட்டியிருப்பேன், என் மொபெட் விஷயம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால். ஒருநாள் டிரெய்லரைத் திருப்பும்போது சுவரோரம் நிறுத்தியிருந்த அதை அவள் நசுக்கிவிட்டாள். முழுக்க அவள் தப்பு. இறங்கி வந்து பார்த்தாள். சாரி என்று சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் புருஷனைப் பார்த்து "ஒரு கை பிடிங்க" என்றாள். இரண்டு பேருமாக மொபெட்டைத் தூக்கிக் காலி டிரெய்லரில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன், வயிறெரிந்துகொண்டு. வாரக் கடைசியில் வண்டி திரும்பி வந்தது. நசுங்கிய இடம் நிமிர்த்தி, பிரேக் மாற்றி, ரொம்ப நாளாகக் கிழிந்து கிடந்த சீட்டுக்குப் புது உறையும் போட்டு.

"இப்படிச் செஞ்சீங்களே, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல" என்றேன்.

"வாய்ல சொல்லி என்ன ஆகப்போகுது. வண்டி ஓடணும்ல" என்றாள்.

அப்புறம் புயல் வந்தது. கடற்கரைத் தோப்புகளை ஒரே ராத்திரியில் சாய்த்துப் போட்டுவிட்டது. நின்ற மரங்களைவிட விழுந்தவை அதிகம். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று தெரியாது. தென்னை விழுந்தால் நஷ்டம் அதோடு முடியாது. விழுந்த மரமும் அதன் உச்சிக் கொண்டையும் தோப்புக்குள் கிடந்து அழுகினால் கொம்பு வண்டு அதில் முட்டை வைக்கும். புழு பெருகி வண்டாகும். வண்டு போய், தப்பித்து நிற்கிற மரத்தின் குருத்தைக் குடையும். ஆக, விழுந்ததை உடனே வெளியேற்றாவிட்டால் நிற்பதும் போய்விடும். அவ்வளவு கழிவையும் வாங்கிக்கொள்ள எங்கள் ஆலையை விட்டால் பக்கத்தில் வேறு போக்கிடம் கிடையாது.

கடற்கரை முழுக்க டிராக்டர்கள் எங்கள் கேட்டுக்கு வரிசை கட்டின. யார்டு எஞ்சினியருக்குக் கை கால் ஓடவில்லை. அவசரத்தில் அவர் ஒரு புது விதி போட்டார். வெளி வண்டி ஆட்கள் யாரும் யார்டுக்குள் இறங்கக் கூடாது, வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், பொக்லைன் அள்ளிக்கொள்ளும். ஆபத்தைத் தவிர்க்கப் போட்ட விதி என்றார். அதில் தப்பு இல்லை. வலை போர்த்தி வருகிற ஒரு வண்டியை அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் புருஷனை லோடு மேலிருந்து கேட்டிலேயே இறக்கி மட்கார்டில் உட்கார வைத்திருந்தார்கள். யார்டு என் ஜன்னலிலிருந்து கூப்பிடு தூரம். அவள் வண்டி உள்ளே போய் நின்றதும் அவள் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"வலையை எடுக்க ஆளை இறங்க விடுங்க."

"யாரும் இறங்கக் கூடாது. உட்காரு."

"வலை இருக்கு சார் மேல."

"உட்காருன்னு சொன்னேன்ல. பின்னால எத்தனை வண்டி நிக்குது பாரு."

பொக்லைன் வலையும் மட்டையுமாகச் சேர்த்து அள்ளியது. எல்லாம் போய் மட்டையை நறுக்குகிற வெட்டு மெஷினுக்குள் விழுந்தது. நைலான் வலை உருளையைச் சுற்றிக்கொண்டு, சூட்டில் உருகி, தார் மாதிரி இறுகிவிட்டது. உளி வைத்துக் கொத்தி எடுத்தார்கள். ஆலை நின்றது. மேலே இருந்தவர்கள் எஞ்சினியரைக் கேட்டார்கள். எஞ்சினியர், கடற்கரைக்காரர்கள் கழிவோடு வலையையும் குப்பையாகப் போட்டு அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னார். மெஷின் சரியான பிறகும் கடற்கரை லோடு எதுவும் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்தப் பெண் எல்லோர் முன்னாலும் வந்து, என் கவனக்குறைவுதான், மன்னிச்சுக்கங்க என்று சொன்னால் யோசிக்கலாம். இது எஞ்சினியர் வைத்த நிபந்தனை.

யாரைக் கேட்கச் சொன்னார் பாருங்கள்.

தோப்புக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மரைக்காயர் குடும்பம், பாதித் தோப்பு சாய்ந்துவிட்டது. நீங்க சொன்னாக் கேட்பாள் என்றார். அவள் யார் சொன்னாலும் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அவரோடு போனேன். வீட்டு வாசலில் அவள் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சொல்லு தாயி. உன் சொல்லுல இருக்கு எங்க பொழப்பு. நிக்கிறதே கொஞ்ச மரம். அதுலயும் வண்டு ஏறிருச்சுன்னா நான் எங்கன போவேன், அல்லாவுக்காகக் கேக்குறேன்" என்றார் அவர்.

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். "வலை என்னுதுதான் மாமா. தப்பு என்னுது இல்ல. நான் செஞ்சிருந்தா இந்நேரம் அந்த மெஷினை நானே உக்காந்து கொத்தியிருப்பேன். செய்யாததை வாய்ல வாங்கிக்கிட்டு வந்தா, நாளைக்கு அங்கன எது உடைஞ்சாலும் கடக்கரைக்காரன் போட்டதும்பாக. உங்க வண்டிக்கும் சேர்த்துத்தான் அந்தப் பேரு."

"பேரை வச்சு என்னம்மா செய்ய. மரம் போகுதே."

"மரத்துக்கு நான் இருக்கேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு ஊரே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது, இவளுக்கு ஒரு வார்த்தை பெரிதாகப் போய்விட்டதே என்று இருந்தது. வாயைவிட்டே கேட்டுவிட்டேன். "நாங்க எல்லாரும் தினம் நூறு தடவை சொல்றோம். எங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு யார்டுல எஞ்சினியரு சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுல்லண்ணே?"

"கேட்டுச்சு."

"சரி" என்றாள். மறுபடி அரிவாளை எடுத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவள் கேட்டிருந்தால்கூட எனக்கு ஏதாவது பதில் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அவளும் புருஷனும் மரைக்காயர் தோப்புக்குள் இறங்கினார்கள். விழுந்த கொண்டைகளை டிராக்டரில் சங்கிலி போட்டு இழுத்துத் தோப்பை விட்டுத் தள்ளி மணல்வெளியில் போட்டார்கள். ஒவ்வொன்றையும் பிளந்து, வெள்ளைப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டார்கள். மரங்களைத் துண்டு போட்டுக் காய வைத்தார்கள். ஒரு தோப்பு முடிந்ததும் அடுத்தது. கூலி பேசவில்லை. டீசல் மட்டும் மரைக்காயர் வாங்கிக் கொடுத்தாராம். இதையெல்லாம் அவரே பிற்பாடு சொன்னார். ஆனாலும் இரண்டு பேர் எவ்வளவு இழுக்க முடியும். கடற்கரை முழுக்கக் குவியல் குவியலாகக் கிடந்தது. ஆலை வாங்கினால்தான் அது தீரும்.

அந்த நேரத்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கரிசல் சேறாகிவிட்டால் கருவேலங்காட்டுக்குள் எந்த வண்டியும் இறங்காது. யார்டு காலியாகிக்கொண்டே வந்தது. கொதிகலனுக்குப் போட விறகில்லை. எஞ்சினியர் வேறு வழியில்லாமல் சொல்லி அனுப்பினார். கடற்கரை லோடு வரலாம். அந்தப் பொம்பளை வண்டி மட்டும் கேட்டுக்குள் வரக் கூடாது.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவளுக்கு அநியாயம் என்று தெரியும். ஆனால் மரங்கள் பிழைக்கும், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். நாலு பேர் பிழைக்க ஒருத்தி வெளியே நிற்பது நமக்கெல்லாம் பழகிய கணக்குத்தானே.

மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே டிராக்டர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள். அத்தனை வண்டியிலும் லோடு மேல் மீன்வலை. பச்சை வலை, நீல வலை, கிழிந்து ஒட்டுப்போட்ட வலை. கடற்கரையில் ஓய்ந்து கிடந்த வலைகளையெல்லாம் எடுத்துப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தன் வண்டியிலும் கயிறு இல்லை. முன்னால் நின்ற வண்டி மரைக்காயருடையது. அதன் உச்சியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

எஞ்சினியர் குடையோடு ஓடிவந்தார். "உன்னை வரக் கூடாதுன்னு சொல்லலையா?"

"என் வண்டிதான் வரக் கூடாதுன்னீக. வண்டி வீட்ல நிக்குது."

"இறங்கு. வெளியே போ."

மரைக்காயர் ஸ்டியரிங்கிலிருந்து பணிவாகச் சொன்னார். "அந்தப் பிள்ளை இல்லாட்டி வலையை அவுக்க ஆள் இல்ல சார். அந்த முடிச்சு எனக்குத் தெரியாது."

கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன். பின்னால் நின்ற வண்டிக்காரர்களில் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். எஞ்சினியர் அடுத்த வண்டியைப் பார்த்தார். அவனும் தெரியாது என்றான். அதற்கடுத்தவனும் அப்படியே.

"விதின்னா விதி. யார்டுல யாரும் இறங்கக் கூடாது."

"அப்ப வலையோடயே அள்ளிக்கங்க" என்றாள் அவள். "அள்ளுனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

முன் வண்டியின் என்ஜின் நின்றது. பிறகு அடுத்தது. வரிசையாக ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எஞ்சினியரின் முகம் கறுத்துவிட்டது. "அன்னைக்கும் இதே திமிர்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எடுக்க விட்டிருக்க மாட்டேனா? வலையைக் குப்பையில போட்டு அனுப்பிட்டு இன்னைக்கு வந்து வம்பு பண்ற."

அவள் என் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்வேன், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மழையில் நனைந்தபடி நேராக எஞ்சினியரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எப்போது நாற்காலியை விட்டு எழுந்தேன் என்று தெரியவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டேன்.

"சொன்னாங்க சார்" என்றேன். "வலையை எடுக்க ஆளை விடுங்கன்னு சொன்னாங்க. வலை இருக்குன்னும் சொன்னாங்க. நீங்கதான் உட்காருன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு."

எஞ்சினியர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த நாற்காலிகூடப் பேசுமா என்கிற ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் போய் கேட்டின் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டேன். மரைக்காயர் வண்டியைக் கிளப்பினார். அவள் யார்டில் இறங்கி முடிச்சைப் பிடித்து இழுத்தாள். வலை மொத்தமாகச் சரிந்து அவள் காலடியில் விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. கொதிகலன் பசியோடு இருந்தது, தடுத்தால் ஆலை நின்றுவிடும் என்று எஞ்சினியருக்கும் தெரியும். சாயந்திரம் வரை வண்டி வண்டியாக வலையை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த மாதத்துக்குள் கடற்கரைக் குவியல் எல்லாம் கரைந்தது. மரைக்காயர் தோப்பில் நின்ற மரங்களில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் பிழைத்துக்கொண்டன. வலை அவிழ்க்க வண்டிக்கு ஓர் ஆள் இறங்கலாம் என்று விதியையும் திருத்தினார்கள். எஞ்சினியர் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

என்னை மட்டும் மேலே கூப்பிட்டார்கள். அனுமதி இல்லாமல் கம்பியைத் தூக்கியது, அதிகாரியை வெளியாட்கள் முன்னால் எதிர்த்துப் பேசியது என்று இரண்டு குற்றம். ரொம்ப வருஷம் வேலை பார்த்த ஆள், பெரிதாக எதுவும் வேண்டாம், எஞ்சினியர் அறைக்குப் போய் ஒரு சாரி மட்டும் சொல்லிவிட்டு உங்கள் இடத்துக்குப் போங்கள் என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். வீட்டுக் கடன் வேறு இருந்தது. மாட்டேன் என்று சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

வீட்டில் நல்ல வசவு கிடைத்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. நாலு நாள் கழித்து வாசலில் டிராக்டர் வந்து நின்றது. அவள்தான். காலி டிரெய்லரில் புருஷன் உட்கார்ந்திருந்தார். வேலை போனதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. என்னால்தான் போச்சு என்றோ, வருத்தமாக இருக்கிறது என்றோ, நல்ல காரியம் செய்தீர்கள் என்றோ ஒரு சொல்கூட வரவில்லை. என்ஜினை அணைக்காமல், என் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

"மரைக்காயரு வண்டிக்கு ஆள் வேணும். டிராக்டர் ஓட்டத் தெரியுமாண்ணே?"

"தெரியாதேம்மா."

அவள் ஸ்டியரிங்கை விட்டு நகர்ந்து மட்கார்டு மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏறுங்க" என்றாள்.